கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

செப்டம்பரில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் தர்மபுரி நான்கு ரோட்டுப் பக்கம் இருக்கிற என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் மேசை நிரம்பிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் பாதி இடி, கரண்ட், ஷாக் என்றுதான் இருக்கின்றன. சிலர் "கம்ப்யூட்டர் ஓடவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார்கள். லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, பீப் சத்தம் வருகிறதா, திரையில் கடைசியாக என்ன தெரிந்தது என்று சேர்த்து எழுதினால்தான் இங்கிருந்தபடி ஏதாவது சொல்ல முடியும். அவர்கள் மறுபடி எழுதட்டும், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கே: மேடம், போன வாரம் பெரிய இடி. கரண்ட் போய் வந்தது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை. ஒரு கடையில் காட்டினேன். மூடியைத் திறந்த ஐந்து நிமிடத்தில் "மதர்போர்டு போயிடுச்சு, ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான், மிஷின் அவசரம். மாற்றிவிடலாமா?
– வாசகர், காரிமங்கலம்

ப: கொஞ்சம் பொறுங்கள். மதர்போர்டு போயிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் அந்த முடிவுக்கு வர முடியாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கரண்டை மாற்றி மிஷினுக்குக் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியை, தனியாகக் கழற்றிச் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வீட்டில் செலவில்லாத வேலைகளை முதலில் முடிக்கலாம். ஸ்பைக் பஸ்டரை (திடீரென்று எகிறும் கரண்டைத் தடுக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். கேபினெட்டுக்குப் பின்னால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கடையில் அதை அணைத்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். பவர் கார்டை வேறு ஒரு மானிட்டரிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். அப்புறம் கார்டைப் பிடுங்கிவிட்டு, இன்டர்நெட் கேபிளையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சில மிஷின்கள் இந்த ஒரு வேலைக்கே எழுந்துவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்கலாம். பையனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்கும் பாடம்தான். கரண்டைப் பிடுங்கிய நிலையில் மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு வயரையும், வளைத்த ஜெம் கிளிப்பால் இணையுங்கள். இணைத்த பிறகு கிளிப்பைத் தொடாமல் கரண்டைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்ற வேண்டும். லோடு இல்லாமல் சுற்றாத ரகமும் உண்டு. பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மாட்டிவிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பில் ஒரு முனை, நிற வயரில் ஒரு முனை. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை காட்டினால் சரி. இந்த எல்லையைத் தாண்டினால் ஃபேன் சுற்றினாலும் அந்த எஸ்.எம்.பி.எஸ். உதவாது. வயர் எல்லாம் கறுப்பாகவே இருக்கிற மாடலாக இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். எந்த மாடலாக இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருந்தால் மதர்போர்டில் புராசஸர், ஒரே ஒரு ரேம், இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கழற்றி ஆன் செய்து பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கோ கிராபிக்ஸ் கார்டோ ஷார்ட் ஆகி மொத்த மிஷினையும் எழவிடாமல் செய்வது உண்டு. இவ்வளவையும் செய்து பார்த்தும் உயிர் வரவில்லை என்றால்தான் மதர்போர்டு மேல் கை வைக்கலாம்.

இடி என்றதும் எல்லோரும் கரண்ட் கம்பியைத்தான் நினைக்கிறார்கள். செம்புக் கம்பியில் வருகிற இன்டர்நெட் கேபிள் வழியாகவும் அது வரும். மழை விட்ட மறுநாள் கடைக்கு வருகிற மிஷின்களில் அந்தக் கேபிள் செருகுகிற லேன் போர்ட் மட்டும் கருகி, மற்றதெல்லாம் சுகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் யு.எஸ்.பி.யில் செருகுகிற லேன் அடாப்டர் ஒன்று போதும், போர்டு மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று: ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கிற பாதுகாப்புப் பொருள் ஒரு பெரிய அடியிலேயே போய்விடும். அதற்குப் பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே லைட் மட்டும் அழகாக எரியும். வானம் கறுத்தால் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

கே: அக்கா, கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. வெறுங்காலில் இருந்தால் ரொம்ப. செருப்புப் போட்டால் இல்லை. டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போது பொறி பறந்தது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.
– வாசகி, பென்னாகரம்

ப: இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். மாற்றினாலும் அப்படியேதான் இருக்கும். உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலிலேயே இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து பாடிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. கரண்டில் வருகிற இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் கம்பி இல்லாதபோது தள்ள இடமில்லாமல் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் சுமார், கேபினெட் தகரத்திலேயே நின்றுவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அதே மின்சாரம்தான் ஹெச்.டி.எம்.ஐ. செருகும்போது பொறியாகி டிவி போர்ட்டையோ கம்ப்யூட்டர் போர்ட்டையோ தின்றுவிடுகிறது. இனி கேபிள் செருகுவதாக இருந்தால் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் செருகுங்கள். சுருக்கென்பது போய், கையை உதறித் தள்ளுகிற அளவுக்கு ஷாக் இருந்தால் அது வேறு கதை. எங்கோ பேஸ் நேராகப் பாடியில் படுகிறது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். இந்தக் கேள்விக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் இருக்கும் பிளக்கில் மீட்டரை வைத்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு காட்டுகிறதோ அதே அளவு பேஸுக்கும் எர்த்துக்கும் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் சில சமயம் ஏமாற்றும், அதனால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைப் போட்டு எரிகிறதா என்றும் பார்ப்பார்கள். மங்கலாக எரிந்தால் எர்த் குழி செத்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் செய்யாதீர்கள்.

நம் பக்கம் பூமி பாறை. பென்னாகரம் பக்கம் சொல்லவே வேண்டாம். வீடு கட்டும்போது இரண்டடி தோண்டி ஒரு கம்பியைச் சொருகிவிட்டுப் போயிருப்பார்கள். மழைக்காலத்தில் வேலை செய்யும், பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் எர்த்தும் போய்விடும். குழியை ஆழப்படுத்தி உப்பும் கரியும் போட்டு நிரப்பி, கோடையில் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு வர வேண்டும். அதற்காகும் செலவு, நீங்கள் மாற்றிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துத்தானே.

செலவைக் குறைக்கிறேன் என்று யாராவது பிளக்குக்குள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால், அவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். ஷாக் நின்றுவிடும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். என்றைக்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் அன்றைக்கு முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் நிற்கும்.

கே: ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. நீளமாக ஒரு பீப், விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது.
– வாசகர், பாலக்கோடு

ப: பெரும்பாலும் ரேம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாக இரு பக்கமும் தேயுங்கள். ரப்பர் தூளைத் தட்டிவிட்டு, பற்களில் விரல் படாமல் பிடித்து, இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்கி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். ரேம்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால் தூக்கிப் போடாமல் பில்லைத் தேடுங்கள். பல கம்பெனிகள் ரேமுக்கு நீண்ட வாரண்டி தருகின்றன, வாங்குகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

கே: மேடம், எங்கள் வீடு கிரானைட் பாலிஷ் போடும் யூனிட்டுக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டர் காலையில் நன்றாக ஓடும். மதியத்துக்கு மேல் பத்து இருபது நிமிடத்தில் தானே அணைந்துவிடும். வைரஸ் என்று சொல்லி ஒருவர் விண்டோஸை மாற்றிப் போட்டுக் காசு வாங்கிப் போனார். பிரச்சினை போகவில்லை.
– வாசகர், பர்கூர்

ப: வைரஸுக்கு மதியம் என்றும் காலை என்றும் தெரியாது. சூட்டுக்குத்தான் தெரியும்.

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வருகிற மிஷின்களை மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். தூசி சாம்பல் வெள்ளையாக, மாவு நைஸாக இருக்கும். புராசஸர் ஃபேனைக் கழற்றினால் அதற்கு அடியில் சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்க் தகடுகளே தெரியாது. இடைவெளி எல்லாம் அடைத்து, மேலே கம்பளித் துண்டு விரித்த மாதிரி ஒரு படலம். விரலால் இழுத்தால் முழுசாக உரிந்து வரும். ஃபேன் என்னதான் சுற்றினாலும் காற்று அந்தப் படலத்தோடு நின்றுவிடுகிறது, புராசஸர் 100 டிகிரியை நெருங்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது.

கேபினெட்டை வாசலுக்குத் தூக்கிப் போய், புது பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்திவிட்டு புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். புளோயர் காற்றில் கண்மண் தெரியாமல் சுற்றினால் பேரிங் போய்விடும். கிரானைட் தூசி ஏற்கனவே அதைத் தின்றிருக்கும், நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் முனையில் ஸ்டாட்டிக் மின்சாரம் சேரும்.

ஊதியும் சூடு குறையவில்லை என்றால் ஹீட் சிங்க்கைக் கழற்றி, அதற்கும் புராசஸருக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். பழையது காய்ந்து பொருக்காக நிற்கும். ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் பச்சைப் பயறு அளவுக்குப் புதியதை வைத்தால் போதும், அமுக்கும்போது தானே பரவும். பூசி மெழுகுகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம், பேஸ்ட்டுக்குத்தான் செலவு. இன்டெல் மிஷினில் ஹீட் சிங்க்கை நாலு பிளாஸ்டிக் முளைகள் பிடித்திருக்கும். குறுக்காக இரண்டிரண்டாக அமுக்கி, போர்டைத் திருப்பி நாலும் பின்பக்கம் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்த பிறகு முன்னைவிடச் சூடாகிறது என்று வருகிறவர்களுக்கு இதில் ஒரு முளை சரியாக உட்கார்ந்திருக்காது. அடியில் பின்கள் உள்ள ஏ.எம்.டி. புராசஸராக இருந்தால் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடம் வலமாக மெதுவாகத் திருகி எடுங்கள். குளிர்ந்த நிலையில் இழுத்தால் புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

மிஷினைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். தூசிக்குப் பயந்து துணி போட்டு மூடுவீர்கள், மூடுங்கள், ஆனால் அணைத்த பிறகு. உங்கள் ஊரில் ஒரு வீட்டில் பூப்போட்ட உறையோடே மிஷின் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கே: லேப்டாப்பில் டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. வேலை செய்கிறது. விட்டுவிடலாமா?
– வாசகர், ஓசூர்

ப: தம்பி, இதைப் படித்ததும் லேப்டாப்பை அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, அதுதான் டச்பேடைத் தள்ளுகிறது.

லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்புவது அது. குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். கட்டில், சோபா, புத்தக அலமாரி பக்கம் வேண்டாம், டைல்ஸ் தரையில் தனியாக வையுங்கள். கழற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பேட்டரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். பல மாடல்கள் பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும், அதற்குள் நிதானமாக நல்ல பேட்டரி தேடலாம். எடுத்ததைக் குப்பைத் தொட்டியிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடாமல், மின் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறவர் என்றால் புது பேட்டரிக்கு 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி செட்டிங்கில் வைத்துக்கொள்ளுங்கள். பல லேப்டாப்களில் அந்த வசதி இருக்கிறது.

கே: ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. விண்டோஸ் திறக்கவில்லை. அதில் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் போட்டோக்கள் இருக்கின்றன. வேறு எங்கும் இல்லை. யூடியூபில் ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள்.
– வாசகி, கிருஷ்ணகிரி

ப: ஃபிரீசரில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அதோடு தகவல் பதிந்திருக்கிற தட்டு கெட்டது. இந்த நிமிடம் முதல் அந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதும் குறையும்.

ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் இடம் உண்டு. கரண்ட் சரியாக வராவிட்டாலும் டிஸ்க் இப்படிச் சத்தம் போடும். வேறு சாட்டா கேபிள், வேறு பவர் கனெக்டர் மாட்டி, முடிந்தால் வேறு நல்ல மிஷினில், ஒரு தடவை பாருங்கள். சத்தம் நின்று டிஸ்க் தெரிந்தால் சந்தோஷத்தில் விண்டோஸைச் சரிசெய்ய உட்காராதீர்கள். "டிஸ்க்கைச் சோதிக்கட்டுமா" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பாவின் போட்டோ ஃபோல்டரை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நடுவில் திணறினால் விவரம் தெரிந்தவரிடம் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும்.

சத்தம் நிற்கவில்லை என்றால் என் மாதிரிக் கடைகளுக்கு அங்கே வேலை இல்லை. யாராவது "திறந்து பார்க்கிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். உள்ளே தகவலைப் படிக்கிற ஹெட், தட்டுக்கு மேலே மிதக்கிற உயரம் ஒரு தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மேசை மேல் வைத்துத் திறந்தால் விழுகிற ஒரு தூசியே அதற்குப் பாறாங்கல். அடியில் இருக்கிற பச்சை போர்டை வேறு டிஸ்க்கிலிருந்து எடுத்து மாற்றினாலும் இப்போதைய டிஸ்க்குகளில் பலிக்காது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதற்கே உரிய அளவுகள் அந்தப் போர்டில் எழுதப்பட்டிருக்கும். தூசி புகாத அறை வைத்திருக்கிற டேட்டா ரெக்கவரி நிறுவனங்கள் பெங்களூரில் இருக்கின்றன, உங்களுக்கு அது பக்கம்தான். சில ஆயிரங்களில் முடியாது. பார்ப்பதற்கு எவ்வளவு, டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு டிஸ்க்கைக் கொடுங்கள்.

அதற்கு முன், அப்பாவின் படங்களை வாட்ஸ்அப்பில் யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று யோசித்துச் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். பழைய போனையும் கேமரா கார்டையும் தேடுங்கள். அழித்துவிட்டோம் என்று நினைத்த கார்டிலிருந்துகூடப் படங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கே: அரசு கொடுத்த பழைய லேப்டாப். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. எந்த வெப்சைட்டும் பாதுகாப்பு இல்லை என்கிறது.
– கல்லூரி மாணவி, அரூர்

ப: 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியது. அப்போது கொடுத்தவை இன்னும் என் மேசைக்கு வருகின்றன, நல்ல உழைப்பாளிகள். உனக்கு மாற்ற வேண்டியது சிஆர் 2032 என்கிற காசு வடிவ பேட்டரி. மிஷின் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது இறங்கிவிட்டால் தேதி தப்பும். தேதி தப்பினால் வெப்சைட்டின் சான்றிதழ் உன் மிஷின் கணக்கில் செல்லாததாகத் தெரியும், அவ்வளவுதான். லேப்டாப்பில் பெரும்பாலும் அது கறுப்பு உறைக்குள் இரண்டு வயரோடு இருக்கும், வயரோடு உள்ளதாகக் கேட்டு வாங்கு. வெறும் பேட்டரியில் வயரைப் பற்ற வைக்கிறேன் என்று சூடு காட்ட வேண்டாம். மாற்றும்வரை ஆன் செய்ததும் தேதியைக் கையால் சரி செய்துவிட்டால் வெப்சைட் திறக்கும்.

கே: டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் யூ.பி.எஸ். ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. லேசர் பிரிண்டர் பிரிண்ட் எடுக்கும்போது கரண்ட் இருக்கும்போதே கீ கீ என்று கத்துகிறது. புதிதாக வாங்க வேண்டுமா?
– வாசகர், நல்லம்பள்ளி

ப: லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்து நேராகச் சுவரில் போடுங்கள். உங்களிடம் இருப்பது 600 விஏ என்றால் அது தாங்குவது 360 வாட் அளவுக்கு. லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும்போது சட்டென்று அதைப் போல இரண்டு மடங்கு மூன்று மடங்கு இழுக்கும். கத்தாமல் என்ன செய்யும்?

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரிக்கு நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வருடம்தான் ஆயுசு. முழுச் சார்ஜில் 12.7 காட்டிவிட்டு, கம்ப்யூட்டரை ஏற்றியதும் 10.5-க்குக் கீழே விழுந்தால் அது முடிந்த பேட்டரி. பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு. மாட்டும்போது சிவப்பு கறுப்பு மாறக் கூடாது. யூ.பி.எஸ்.ஸுக்கு மாறும் அந்த நொடியிலேயே மிஷின் அணைகிறது என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் மலிவு யூ.பி.எஸ். தருகிற சதுர அலை மின்சாரத்தை ஏற்பதில்லை.

கே: பத்து வருடத்துக்கு மேலான மிஷின். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். திறக்கவே ஐந்து நிமிடம். தமிழில் கட்டுரை எழுதுகிறேன், மின்னஞ்சல் பார்க்கிறேன், வேறு வேலை இல்லை. புதிதாக 45,000 கேட்கிறார்கள்.
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஊத்தங்கரை

ப: ஐயா, உங்கள் வேலைக்கு அந்தப் பணம் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடச் சொல்லுங்கள். பழைய டிடிஆர்3 ரேம் இன்னொரு 4 ஜிபி, பயன்படுத்தியதாகவே கிடைக்கும். திறக்க அரை நிமிடம்தான் ஆகும்.

சிக்கல் விண்டோஸில்தான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற உங்கள் புராசஸர் பழசு, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது கணக்கு. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். உங்கள் வயதில் மாதாமாதம் கடைக்கு அலைய வேண்டாம் என்பதால் நான் சொல்ல மாட்டேன். லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், காசு இல்லை. தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு, கூடவே கட்டுரை எழுத லிப்ரே ஆபீஸ். முதல் வாரம் பட்டன்கள் இடம் மாறியிருப்பது எரிச்சலாக இருக்கும். ஒருவரை உட்கார வைத்து மின்னஞ்சலும் பிரிண்டரும் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு டப்பாவில் போட்டு வெளியே மாட்டிக்கொள்ளலாம், உங்கள் பழைய கட்டுரைகள் அதிலேயே இருக்கட்டும், புதியதிலும் ஒரு பிரதி.

கே: கேபினெட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடிக்கிறது.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

ப: பின்னால் கார்டு செருகுகிற இடத்தில் தகடு இல்லாமல் ஓட்டையாக இருக்கும், அதுதான் வழி. தகடு பத்து இருபது ரூபாய். கடித்த வயருக்கு டேப் சுற்றாமல் கேபிளையே மாற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வருகிற வயரைக் கடித்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடுங்கள். கீபோர்டு பக்கத்தில் முறுக்கு தின்பதை நிறுத்தினால் எலியும் குறையும்.

கே: அக்கா, ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கலாமா? போன வருடம் வைத்தபிறகு மிஷின் ஆன் ஆகி ஐந்து நொடியில் தானே அணைந்தது. சாமி குத்தமா என்று மாமியார் கேட்கிறார்.
– வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

ப: சாமி குத்தம் இல்லை, சந்தனக் குத்தம். ஈரச் சந்தனத்தைப் பவர் பட்டன் மேலேயே வைத்திருப்பீர்கள். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டன் உள்ளே அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். பவர் பட்டனை நாலு நொடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் மிஷின் அணைய வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. உங்கள் மிஷின் யாரோ அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்து அணைந்திருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கு மறுநாளும் எனக்கு இப்படி மிஷின்கள் வரும். முன்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றி, பட்டனைப் பஞ்சால் துடைத்தால் முடிந்தது. இதற்கு மதர்போர்டு விலை சொன்ன கடைக்காரரும் இருக்கிறார்.

தாராளமாகப் பொட்டு வையுங்கள், மேல் தகட்டில், பட்டனுக்கும் துளைகளுக்கும் தள்ளி. விபூதியைக் கையில் எடுத்து ஊதாதீர்கள், ஃபேன் இழுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் கீபோர்டு பக்கம் ஒன்றும் வேண்டாம், மூடிவிட்டு மேல் மூடியில் வையுங்கள். சூடம் காட்டும்போது மானிட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் காட்டுங்கள். அப்புறம் பூஜைக்கு முதல் நாள் வீட்டைக் கழுவிவிடுவீர்களே, அதற்கு முன்னால் தரையில் கிடக்கிற யூ.பி.எஸ்.ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பிடுங்கிக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிடுங்கள்.